மூன்று ஞாயிற்றுக்கிழமைகளுக்கு நன்றி

ரங்கூன், பெகு தமிழ் உறவுகளுக்கு வணக்கம்.

நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்த இரண்டு பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்ய மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அலைந்தோம். கைகொடுத்த எல்லாரையும் நேரில் பார்த்து நன்றி சொல்ல முடியவில்லை. அதனால் இந்த மடல்.

முதலில் ரங்கூன் தாத்தாவுக்கு நன்றி, கூடவே ஒரு மன்னிப்பும். உட்கார்ந்ததும் நான் கேட்ட கேள்வி, "எத்தனை பேரைச் சுட்டீங்க தாத்தா?" அவர் பதில் சொல்லவில்லை. "டீ குடிச்சியா?" என்றார். அப்புறம் அரை மணி நேரம் வாயே திறக்கவில்லை. அவருடைய மருமகள்தான் என்னை அடுப்படிப் பக்கம் கூப்பிட்டு, "சாப்பாட்டைப் பத்திக் கேளு தம்பி, மாமா பேசுவாரு" என்றார். அந்த அக்கா இல்லாவிட்டால் வெறுங்கையோடு திரும்பியிருப்போம்.

சாப்பாடு என்றதும் 1944 மழைக்காலம் கொட்ட ஆரம்பித்தது. இம்பால் சண்டையில் தோற்றுப் பர்மாவுக்குப் பின்வாங்கிய வழியில் அரிசி கிடையாது. காட்டு இலையை உப்பில்லாமல் அவித்துத் தின்றிருக்கிறார்கள். மலேரியாவும் வயிற்றுப்போக்கும் கூட நடந்தவர்களை ஒவ்வொருவராகக் கொண்டுபோயின. "பதினேழு வயசு. இடுப்புல கால்சட்டை நிக்கலை, காட்டுக்கொடியை அறுத்துக் கட்டிக்கிட்டேன்" என்று சிரித்தார்.

1945 ஏப்ரல் 24 அன்று நேதாஜி ரங்கூனை விட்டுப் போனார். ஜப்பான்காரர்களும் கிளம்பிவிட்டார்கள். மே முதல் வாரத்தில் பிரிட்டிஷ் படை வந்து சேரும்வரை ஊரைக் காத்தது மேஜர் ஜெனரல் லோகநாதனின் கீழிருந்த நம் ஆட்கள். புத்தகத்தில் நாலு வரியில் படித்துவிட்டுத் தாண்டிய விஷயம் இது. தாத்தா ஒரு தெருமுனையில் இரண்டு ராத்திரி காவல் நின்றாராம். "யாரும் வரலை. ஒரு நாய் வந்துச்சு. அதுக்கும் பசி."

பெகு பாட்டி ஜான்சி ராணிப் படை, அதாவது அந்த ராணுவத்தின் பெண்கள் படை. மேமியோ ஆஸ்பத்திரியில் காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டவர். அணிவகுப்புக் கட்டளையெல்லாம் இந்துஸ்தானியில்தானாம். திடீரென்று "சாவ்தான்!" (நேராக நில்!) என்று அவர் போட்ட சத்தத்தில் திண்ணைப் பூனை ஓடியே போனது. அவர் பேச்சில் பாதி பர்மியம். கூடவே உட்கார்ந்து தமிழில் எடுத்துச் சொன்ன பேத்திக்கு நன்றி. மின்சாரம் போனபோது கேட்காமலே இன்வெர்ட்டர் வயரை வேலி மேல் நீட்டிய பக்கத்து வீட்டு அண்ணனுக்கும்.

ஒரு சங்கதியை மறைக்கக் கூடாது. போன் நிரம்பியிருந்ததைக் கவனிக்காமல், பாட்டியின் முதல் நாள் பேச்சு முழுவதையும் தொலைத்தேன். அடுத்த வாரம் தலையைக் குனிந்துகொண்டு போய் நின்றேன். அவர் திட்டவில்லை, முதலிலிருந்து சொன்னார். அன்றுதான், முதல் வாரம் சொல்லாத அண்ணன் கதை வந்தது: 1942-ல் கூட்டத்தோடு நடந்தே இந்தியாவுக்குப் புறப்பட்டவர் ஊர் போய்ச் சேர்ந்தாரா என்று பாட்டிக்கு இன்றுவரை தெரியாது. அதற்குமேல் நாங்கள் எதுவும் கேட்கவில்லை.

பதிவின் பிரதியை இரண்டு வீட்டாரிடமும் கொடுத்துவிட்டோம். மோல்மேன், தட்டோன் பக்கம் இப்படிப் பெரியவர்கள் இருந்தால் சொல்லியனுப்புங்கள், வருகிறோம். இந்த முறை போனைக் காலி செய்துவிட்டு.

கிளம்பும்போது பாட்டி சொன்னது: "அடுத்த தடவை அந்தப் போன் இல்லாம வா. சாப்பிட்டுட்டுப் போ."

நன்றியுடன்,
ரங்கூனிலிருந்து ஒரு பேரன்