எம்.பி.ஏ. சேரும் முன் போட வேண்டிய கணக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

எம்.பி.ஏ. சேர்க்கை தொடங்கினாலே 'நூறு சதவீத வேலைவாய்ப்பு', 'சராசரிச் சம்பளம் 6 லட்சம்' என்று விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடுகின்றன. அந்தச் சராசரியை நம்பித்தான் பல பெற்றோர் கல்விக் கடனுக்குக் கையெழுத்துப் போடுகிறார்கள். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு 4 லட்சமும் ஒருவருக்கு 24 லட்சமும் கிடைத்தாலே சராசரி 6 லட்சமாகிவிடும். கல்லூரியிடம் கேட்க வேண்டியது இடைநிலைச் சம்பளத்தை. சம்பளங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் தொகை அது. இங்கே 4 லட்சம்தான். நூறு சதவீதம் என்றால் எத்தனை பேரில் என்றும் கேளுங்கள். அரியர் வைத்திருப்பவர்களை முதலிலேயே பட்டியலில் இருந்து எடுத்துவிட்டுச் சதவீதம் காட்டும் வழக்கம் உண்டு.

கடன் விஷயத்தில்தான் பெரிய அடி விழுகிறது. கட்டணம் 10 லட்சம், வட்டி 10.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் இரண்டு ஆண்டும் அதன் பின் ஓராண்டும் தவணை கிடையாது என்றதும் வட்டியும் கிடையாது என்று நினைத்துவிடுகிறார்கள். பணம் கொடுத்த நாளிலிருந்தே வட்டி ஏறுகிறது. ஆண்டுக்கு 5 லட்சமாக வாங்கினால், தவணை தொடங்கும்போது பாக்கி சுமார் 12.6 லட்சம். பத்தாண்டில் அடைக்க மாதம் 17 ஆயிரம் கட்ட வேண்டும். ஆண்டுக்கு 4 லட்சம் என்ற சம்பளக் கணக்கில் அடங்கிய பி.எஃப்., கிராஜுவிட்டி, ஊக்கத்தொகை எல்லாம் போக மாதம் கைக்கு வருவது 28 ஆயிரத்தை ஒட்டித்தான் இருக்கும். மீதி 11 ஆயிரத்தில் சென்னையில் வாடகையும் சாப்பாடும் எப்படி? முதல் மாதத்திலிருந்தே வட்டியை மட்டுமாவது கட்டி வந்தால் தவணை 13,500 ரூபாய்க்கு இறங்கும். 7.5 லட்சத்துக்கு மேல் கடன் என்றால் பெரும்பாலும் வீட்டையோ நிலத்தையோ ஈடு கேட்பார்கள். கல்விக் கடன் வட்டிக்கான வருமான வரிக் கழிவு புதிய வரி முறையில் கிடையாது.

வேலையில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கூட்ட வேண்டும். மாதம் 30 ஆயிரம் வாங்குபவர் இரண்டு ஆண்டு வேலையை விட்டால் 7.2 லட்சம் இழக்கிறார். ஆனாலும் இரண்டு மூன்று ஆண்டு அனுபவத்தோடு சேர்வதே நல்லது என்பேன். அனுபவம் இல்லாமல் சேர்பவர்களில் பலருக்கு வளாகத் தேர்வில் கிடைப்பது வங்கி, காப்பீட்டு விற்பனை வேலை. அதே வேலைக்கு பி.காம். முடித்தவரையும் எடுக்கிறார்கள். விரும்பும் பதவிக்கான வேலை விளம்பரங்கள் இருபதை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் 'ஏதேனும் பட்டம்' என்றிருந்தால் 10 லட்சம் தேவையில்லை.

பதவி உயர்வுக்குப் பட்டம் மட்டும் போதும் என்றால் இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) போன்றவற்றின் தொலைநிலைப் படிப்பே போதும். அந்த ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) அனுமதி இருக்கிறதா என்று யு.ஜி.சி. இணையதளத்தில் பார்த்துவிட்டுச் சேருங்கள். முழுநேரம்தான் வேண்டுமென்றால் முதலில் தமிழ்நாட்டின் பொது நுழைவுத் தேர்வான டான்செட் எழுதுங்கள். கலந்தாய்வில் அரசுக் கல்லூரி கிடைத்தால் மேலே சொன்ன கடனில் பெரும்பகுதி தேவைப்படாது.

ஐ.ஐ.எம். அகமதாபாத் வகுத்த வேலைவாய்ப்பு அறிக்கை நெறிமுறை, இடைநிலைச் சம்பளத்தையும் குறைந்தபட்சச் சம்பளத்தையும் சேர்த்தே வெளியிடச் சொல்கிறது. சேர்க்கை விளம்பரம் தரும் கல்லூரிகளிடம் இந்த இரண்டு எண்களையும் மொத்த மாணவர் எண்ணிக்கையையும் தங்கள் நாளிதழ் கேட்டு வாங்கி அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி