பள்ளி எலுமிச்சை மரத்துக்கு மருந்து அடிக்கப் போவதில்லை

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

பள்ளித் தோட்டத்து எலுமிச்சைக்கு நோய் வந்திருக்கிறது, ஏன் இன்னும் மருந்து அடிக்கவில்லை என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். கேட்டது நல்லதுதான். ஆனால் மருந்து அடிக்கப் போவதில்லை, காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கொழுந்து இலைகளில் நத்தை ஊர்ந்த தடம் மாதிரி வெள்ளிக் கோடு வளைந்து வளைந்து ஓடுகிறதே, அது இலைத்துளைப்பான் புழுவின் வேலை. அந்துப்பூச்சி இளங்கொழுந்தில் முட்டை வைக்கும், பொரிந்த புழு வெளியே தலை காட்டாமல் நேராக இலைத்தோலுக்கு அடியில் நுழைந்து, சாற்றைக் குடித்தபடியே முன்னேறும். கோட்டின் நடுவில் தெரியும் கறுப்பு இழை அதன் எச்சம். புழு வளர வளரக் கோடும் அகலமாகும், அதனால் அகலமான முனையில் தேடினால் புழு அகப்படும். கடைசியில் இலை ஓரத்தை மடித்து அதற்குள் கூட்டுப்புழு ஆகிவிடும். வெளிவரும் பூச்சி இரண்டு மில்லிமீட்டர் நீளம்தான், வெள்ளிச் சிறகு, நுனியில் ஒரு கரும்புள்ளி. 1856-ல் இதற்கு அறிவியல் பெயர் வைத்ததே கல்கத்தாவில் கிடைத்த பூச்சியைப் பார்த்துத்தான்.

வளர்ந்த மரத்தை இது கொல்லாது, முற்றிய இலையைச் சீண்டாது. தெளிக்கிற மருந்து தோலுக்குள் இருக்கும் புழுவை எளிதில் எட்டாது, அதைத் தேடி வந்து, அதன் மேல் முட்டையிட்டு அழிக்கும் சின்னஞ்சிறு குளவிகளைத்தான் கொல்லும். அப்புறம், அந்த மரத்தடியில்தான் பிள்ளைகள் மதியம் சாப்பிட உட்காருகிறார்கள். எனக்கு அதுதான் பெரிய காரணம்.

சிறு கன்று என்றால் வேறு. கொழுந்தெல்லாம் சுருண்டு வளர்ச்சி குன்றும், புண் வழியே சொறிநோயும் புகும். நிலக்கடலை போடும் வீட்டார் சுருள்பூச்சியை நினைத்திருப்பீர்கள். அதுவும் அந்துப்பூச்சிதான், முதலில் இலைக்குள் குடைந்து, பிறகு வெளியே வந்து இலைகளைச் சேர்த்துப் பின்னிக்கொள்ளும். வயலில் அது பெரிய நஷ்டம், அதை நான் லேசாக நினைக்கவில்லை.

ஓர் உதவி வேண்டும். உங்கள் வீட்டு எலுமிச்சையிலோ நாரத்தையிலோ இந்தக் கோடு இருந்தால், பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஓரம் மடிந்த இலை ஒன்றை, காம்பில் ஈரப் பஞ்சு சுற்றி, கண்ணாடி பாட்டிலில் போட்டு, வாயில் துணி கட்டித் திங்கட்கிழமை கொடுத்தனுப்புங்கள். சில பாட்டிலில் பூச்சி வரும், சிலவற்றில் குளவி வரும். எது வந்தது, எத்தனை நாளில் வந்தது என்று பிள்ளைகளே எழுதி வைக்கட்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்