ரோலிங் ஸ்டோன் ஆசிரியர் குழுவுக்கு, அட்டைப்படம் பற்றி ஒரு திறந்த மடல்

வணக்கம்.

2013 ஆகஸ்ட் 1 தேதியிட்ட உங்கள் அமெரிக்க இசை இதழின் அட்டையில் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பு வழக்கில் கைதான ஜோகர் சார்னயேவின் முகம். சிவிஎஸ், வால்கிரீன்ஸ் மருந்துக்கடைத் தொடர்கள் அந்த இதழை விற்க மறுத்தன. பாஸ்டன் மேயர் தாமஸ் மெனினோ உங்கள் பதிப்பாளருக்கே கண்டனக் கடிதம் எழுதினார். உள்ளே ஜேனட் ரைட்மன் எழுதிய கட்டுரையை நாங்கள் குறை சொல்லவில்லை. கோளாறு லேஅவுட்டில், அதாவது அட்டையில் படத்தையும் எழுத்தையும் அமைத்த விதத்தில்.

அதே படத்தை மே 5 அன்று நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் போட்டது. இந்த அளவு கொந்தளிப்பு இல்லை. செய்தித்தாளில் படத்தைச் சுற்றிச் செய்தி நிற்கும். உங்கள் அட்டையில் முகம் மட்டும்தான் நின்றது. சார்னயேவே சமூக வலைத்தளத்தில் போட்டுக்கொண்ட படம்: கலைந்த சுருள்முடி, நேரே பார்க்கும் கண்கள். தலைக்கு மேல் உங்கள் இதழின் பெயர். 1967 முதல் அந்த இடத்தில் பாடகர்களைப் பார்த்துப் பழகிய வாசகர், யாரோ புது இசைக்குழுக்காரன் என்றுதானே நினைப்பார்?

‘குண்டுவைத்தவர்’ என்று பெரிதாகப் போட்டோமே என்பீர்கள். பில் போடக் காத்திருப்பவர் அட்டைக்குத் தருவது இரண்டு மூன்று விநாடி. முதலில் முகம், பிறகு இதழின் பெயர், மிச்சம் இருந்தால் எழுத்து. சார்னயேவை ‘அரக்கன்’ என்ற வரி பொடி எழுத்தில் கிடந்தது. அதிலும் வில்லங்கம்: ஜூலை 10 அன்றுதான் நீதிமன்றத்தில் குற்றத்தை மறுத்திருந்தார், குற்றவாளி என்ற தீர்ப்பு 2015 ஏப்ரலில்தான் வந்தது. படம் நாயகனாக்க, எழுத்து தண்டித்துவிட்டது.

முகத்தைக் கால் பக்கத்துக்குச் சுருக்கி, ‘குற்றம் சாட்டப்பட்டவர்’ என்பதைக் கண்மட்டத்துக்கு ஏற்றியிருக்கலாம். நிறத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது. 1994-ல் டைம் இதழ், கொலை வழக்கில் கைதான அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓ.ஜே. சிம்ப்சனைப் போலீஸ் எடுத்த படத்தைக் கறுக்க வைத்தது. அதே வாரம் நியூஸ்வீக் அதே படத்தை அப்படியே போட்டிருந்ததால், கடையில் இரண்டும் அருகருகே தொங்கியதும் குட்டு உடைந்தது.

அச்சுக்குப் போகுமுன் அட்டையை உண்மை அளவில் பிரின்ட் எடுங்கள். அந்த வாரத்துப் பிற இதழ்களுக்கு நடுவே சுவரில் ஒட்டுங்கள். கட்டுரையைப் படிக்காத ஒருவரை ஆறடி தள்ளி நிறுத்தி, மூன்று விநாடி காட்டி மூடிவிடுங்கள். “யார் இந்தப் பாடகர்?” என்று கேட்டால் லேஅவுட்டை முதலிலிருந்து தொடங்குங்கள். விற்பனைப் பிரிவுக்காரரை மட்டும் அந்த அறைக்குள் விடாதீர்கள். அந்த இதழ் கடைகளில் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு போனது அவருக்கு நன்றாக நினைவிருக்கும்.

இப்படிக்கு,
அட்டை வடிவமைக்கும் சிலர்