தோற்ற அணிக்கும் மறுவாய்ப்பு வேண்டும்

ஐயா,

அயர்லாந்தின் கேலிக் கால்பந்தில், 2024ஆம் ஆண்டு அல்ஸ்டர் மாகாண நாக்-அவுட் இறுதியாட்டத்தில் டொனகாலிடம் பெனால்டியில் தோற்ற அர்மா அணி, அடுத்து நடந்த அகில அயர்லாந்துத் தொடரில் கால்வேயை 14-13 என்ற கணக்கில் ஒரே புள்ளி வித்தியாசத்தில் வென்று கோப்பையைக் கைப்பற்றியது. மாகாணத்தில் தோற்றால் அந்த ஆண்டே முடிந்தது என்ற பழைய விதியை 2001இல் தளர்த்தியதன் பயன் இது. ஆடியவர்கள் ஊதியம் வாங்காத உள்ளூர்க்காரர்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலோ, பொங்கல் கபடிப் போட்டிக்கு அஞ்செட்டிப் பக்கமிருந்து வேன் வாடகையும் நுழைவுக் கட்டணமும் கொடுத்து வரும் அணி, முதல் ஆட்டத்தில் தோற்றால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே மூட்டை கட்டுகிறது. விழாக் குழுவினர் முதல் சுற்றையாவது லீக் முறையில் நடத்த வேண்டும். பரிசளிப்பு உரைகளைச் சுருக்கினாலே அதற்கு நேரம் கிடைத்துவிடும்.

- வாசகர், ஊத்தங்கரை