புகைக்கும் விலை வேண்டும்

ஆசிரியருக்கு,

சந்தையை அவிழ்த்துவிட்டால் சுற்றுச்சூழல் தானே பிழைத்துக்கொள்ளும் என்று நான் நம்பவில்லை. ஆனால் சந்தை என்றாலே முகம் சுளிப்பதும் சரியில்லை. அமில மழையைக் குறைக்க அமெரிக்கா 1990இல் சட்டத்தைத் திருத்தியது. 1995 முதல் அனல்மின் நிலையங்கள் வெளிவிடும், அமில மழைக்குக் காரணமான கந்தக டை ஆக்சைடு வாயுவுக்கு மொத்த உச்சவரம்பு. டன்னுக்கு ஓர் அனுமதிச் சீட்டு. குறைவாகக் கக்கிய நிலையம் மிச்சச் சீட்டை விற்றுக் காசு பார்க்கலாம். சிலர் புகையைக் கழுவும் கருவி வைத்தார்கள், சிலர் கந்தகம் குறைந்த நிலக்கரிக்கு மாறினார்கள். எது மலிவு என்று அதிகாரி சொல்லவில்லை, அவரவரே கணக்குப் போட்டார்கள். எதிர்பார்த்ததைவிடக் குறைந்த செலவில் காரியம் முடிந்தது.

சரி, ஐரோப்பாவில்? கார்பன் டை ஆக்சைடுக்கும் இதேபோல் அனுமதிச் சீட்டுகளை வாங்கி விற்க 2005இல் தொடங்கிய கார்பன் சந்தையில் சீட்டுகளை வாரி இறைத்தார்கள். 2007இல் விலை கிட்டத்தட்ட பூஜ்ஜியம்! சும்மா கிடைக்கிற சீட்டுக்காக எவர் புகையைக் குறைப்பார்? உச்சவரம்பை அப்புறம்தான் இறுக்கினார்கள்.

– ஒரு வாசகர்