சட்டைப்பைக் கேமராவும் அதன் வைஃபையும்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது, பதில் போடவில்லை என்று திட்டாதே. சின்னவளுக்கு வேலை மாற்றம், வீட்டைக் காலிபண்ணிப் பெட்டி கட்டிப் பெங்களூருக்கு அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தால் முதுகு பிடித்துக்கொண்டது. இப்போது பரவாயில்லை, குனியாமல் செருப்புப் போடுகிற அளவுக்குத் தேறிவிட்டேன். நீ ரிட்டயர் ஆனது சந்தோஷம். முப்பது வருஷம் கவுண்டருக்குப் பின்னால் நோட்டு எண்ணியவன் விடிகாலையில் உப்பளத்துக்குப் போய்ப் படம் எடுக்கப் போகிறான் என்றதும் உன் தங்கச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். அவளை விடு. விஷயத்துக்கு வருகிறேன்.

என்னிடம் இருக்கிற ரிக்கோ ஜிஆர் 3 கேமரா மாதிரியே ஒன்று வாங்கலாமா, பையில் அடங்குமா, எடுத்ததும் வைஃபையில் போனுக்கு வந்து பேரனுக்குப் பறக்குமா என்று கேட்டிருக்கிறாய். அடங்கும், அதில் சந்தேகமே இல்லை. பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து 257 கிராம்தான், என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போகிறேன். பறக்குமா என்பதுதான் பெரிய கதை.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். இவ்வளவு சின்ன உடம்புக்குள் ஏபிஎஸ்-சி என்கிற அளவில் சென்சார் (பிலிமுக்குப் பதிலாகப் படம் பதிகிற சில்லு) வைத்திருக்கிறார்கள், அதாவது கல்யாண வீட்டில் போட்டோகிராபர் கழுத்தில் தொங்குகிற பெரிய கேமராக்கள் பலவற்றில் இருக்கும் அதே அளவு, 24 மெகாபிக்சல். நல்ல போன்களில் இருப்பதைவிட நாலைந்து மடங்கு பரப்பு. இதன் அருமை பகலில் தெரியாது. பகல் வெயிலில் என் போன் படத்தையும் இதன் படத்தையும் பக்கத்தில் வைத்தால் நீ போன்தான் நன்றாக இருக்கிறது என்பாய், நானே சில நாள் அப்படித்தான் நினைத்தேன். விடிகாலை நாலரை மணிக்கு டியூப்லைட் வெளிச்சத்தில் மல்லிகை மொட்டைத் தராசில் கொட்டும்போது எடுத்துப் பார், அப்போது தெரியும். போன் அந்த மொட்டையெல்லாம் குழைத்து ஒரே வெள்ளைச் சாந்தாக்கிவிடும், இது ஒவ்வொரு மொட்டையும் தனியாகக் காட்டும். பிரின்ட் போட்டால் இன்னும் நன்றாகத் தெரிகிறது.

இன்னொன்று உனக்குப் பிடிக்கும், ஏனென்றால் நாம் ரெண்டு பேரும் பிலிம் காலத்தில் ஸ்கேல் பார்த்து போகஸ் வைத்துப் பழகியவர்கள். இதில் ஸ்னாப் போகஸ் என்று ஒரு வசதி. தூரத்தை முன்கூட்டியே குறித்து வைத்துவிட்டால் பட்டனை ஒரே அமுக்கு, கேமரா தேடாது, தடவாது, உடனே எடுத்துவிடும். நான் தூரம் இரண்டரை மீட்டர், லென்ஸ் துவாரம் எஃப் 8 என்று வைத்திருக்கிறேன். கணக்குப் பார்த்தால் சுமார் ஒன்றேகால் மீட்டரிலிருந்து கண்ணுக்கு எட்டுகிற தூரம் வரைக்கும் எல்லாமே தெளிவாக விழும். ஆன் செய்து ஒரு செகண்டுக்குள் தயார். பூக்காரம்மா நிமிர்ந்து பார்ப்பதற்குள் படம் முடிந்து கேமரா பைக்குள் போய்விடும், அவர்களும் இதை ஏதோ பழைய பொம்மை கேமரா என்று நினைத்து முகத்தை மாற்றிக்கொள்வதில்லை. பெரிய கேமராவைத் தூக்கியதும் எல்லோரும் சிரிக்க ஆரம்பித்துவிடுகிறார்களே, அந்தத் தொல்லை இல்லை. இது ஒன்றுக்காகவே நான் இதை வைத்திருக்கிறேன்.

டியூப்லைட் என்றதும் ஞாபகம் வருகிறது. நம்மூர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், விளக்கு செகண்டுக்கு 100 தடவை மினுக்கும். ஷட்டரை 1/500 செகண்டில் வைத்து எடுத்தால் ஒரு படம் பளிச், அடுத்தது மஞ்சள், அடுத்தது இருட்டு என்று வரும். 1/50, 1/100 இரண்டில் ஒன்றில் வைத்தால் வம்பில்லை. எந்தக் கேமராவாக இருந்தாலும் இதுதான், கெட்டுப்போய்விட்டது என்று கடைக்கு ஓடாதே.

சரி, வைஃபை. 2005-இல் நிக்கான் கூல்பிக்ஸ் பி1 வந்த புதிதில் நாம் வாயைப் பிளந்தோமே, வயரே இல்லாமல் படம் போகிறதாம் என்று. அன்றைக்கு அது போனது கம்ப்யூட்டருக்கு, ஏனென்றால் அனுப்புவதற்கு ஸ்மார்ட்போன் என்று ஒன்றும் நம் கையில் இல்லை. இப்போது எல்லாக் கேமராவும் போனுக்குத்தான் அனுப்புகிறது, ஆனால் சிக்கல் அதே இடத்தில்தான் இருக்கிறது. கேமரா தானே ஒரு குட்டி வைஃபை நெட்வொர்க்கை உண்டாக்கும், போன் அதில் போய்ச் சேர வேண்டும். சேர்ந்ததும் உன் போன் யோசிக்கும்: இந்த வைஃபையில் இன்டர்நெட்டே இல்லையே, இது எதற்கு? உடனே உதறிவிட்டு மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். பாதிப் படம் வந்து நிற்கும். இதில் கேமரா மேலும் தப்பில்லை, போன் மேலும் தப்பில்லை, ஒருத்தர் புத்திசாலித்தனம் இன்னொருத்தருக்கு உபத்திரவம், மாமியார் மருமகள் மாதிரி. மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு இணைத்தால் ஒழுங்காக வரும். அப்புறம் மறக்காமல் ஆன் பண்ண வேண்டும், நான் ஒருமுறை மறந்து மதியம் வரை வாட்ஸ்அப் வராமல் யாருக்குமே என் நினைப்பில்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அதோடு, ஜிஆர் 3 பேசுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும். உன் அப்பார்ட்மென்டில் எத்தனை வீட்டு மோடம் அதே அலைவரிசையில் கத்திக்கொண்டிருக்கிறதோ அதற்குத் தக்கபடி வேகம் குறையும். உப்பளத்தில் யாரும் இல்லை, அங்கே நன்றாகப் போகலாம். நாலு ஜேபெக் (சாதாரணப் படக் கோப்பு) என்றால் சரி, சுருக்காத பெரிய ரா கோப்புகளை மொத்தமாக இறக்க இந்த வழியைத் தொடாதே. வைஃபை பேட்டரியையும் தின்னும், அந்தப் பேட்டரியோ கம்பெனிக் கணக்கிலேயே ஒரு சார்ஜுக்கு 200 படம்தான். உடம்பைச் சின்னதாக்கியதற்கு அதுதான் விலை. நான் எப்போதும் இன்னும் இரண்டு பேட்டரி வைத்திருக்கிறேன், யூஎஸ்பி-சி இருப்பதால் பவர் பேங்கிலும் ஏற்றலாம்.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேகம் இல்லை, ஆயுசு. லென்ஸ் இருபது வருஷம் உழைக்கும். அந்த வயர்லெஸ் வேலை செய்வது ஒரு ஆப்பை நம்பி, ஆப் இருப்பது போன் சிஸ்டத்தை நம்பி, அது வருஷத்துக்கு ஒருமுறை மாறுகிறது. முன்னே தானே வைஃபையில் படம் அனுப்புகிற மெமரி கார்டு (எஸ்டி கார்டு) ஒன்று வாங்கினேன், பெயர் வேண்டாம். அந்தக் கம்பெனி ஒருநாள் தன் சர்வரை நிறுத்தியது, அதோடு அது வெறும் கார்டு. அதனால்தான் நான் இப்போது யூஎஸ்பி-சி கார்டு ரீடர் ஒன்றைச் சாவிக்கொத்தோடு போட்டிருக்கிறேன். சில நூறு ரூபாய். கார்டை எடுத்துச் செருகினால் முடிந்தது. நீ வயர் இல்லாததைக் கேட்டாய், நான் ரீடரைச் சொல்கிறேன், சிரிக்காதே.

உன் உப்பளத்துக்கு வருவோம், அங்கேதான் எனக்குத் தயக்கம். முதலாவது, இதில் ஜூம் கிடையாது. பிலிம் கேமராவின் 28 மி.மீ. லென்ஸுக்குச் சமமான ஒரே பார்வை, அகலமானது. பாத்திகள், வானம், உப்புக் குவியல் எல்லாம் அழகாக வரும். பூநாரையைப் பிடிக்க நினைத்தால் அது வெள்ளை எறும்பாகத்தான் வரும். 2021-இல் ஜிஆர் 3எக்ஸ் என்று இன்னும் கொஞ்சம் நெருக்கமான 40 மி.மீ. பார்வையில் ஒன்று விட்டார்கள், ஆள் முகத்துக்கு அது நல்லது, பறவைக்கு அதுவும் ஆகாது. இரண்டாவது, கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் இல்லை. பத்து மணி வெயிலில் உப்பு நடுவே நின்று அந்தத் திரையைப் பார்த்தால் உன் மூஞ்சிதான் தெரியும். முன்பிருந்த ஜிஆர் 2-இல் குட்டி ஃபிளாஷ் ஒன்று இருந்தது, இதில் அதையும் எடுத்துவிட்டார்கள், வெயிலில் கறுத்த முகத்துக்குக் கொஞ்சம் வெளிச்சம் கொடுக்க வழியில்லை.

மூன்றாவதுதான் முக்கியம். தூசி, ஈரம் உள்ளே போகாமல் தடுக்கும் சீல் இதற்குக் கிடையாது. லென்ஸ் நீண்டு மடங்கும் கேமராவில் அந்த இடுக்கு வழியாகத்தான் எல்லாம் உள்ளே போகும், லென்ஸைக் கழற்றி நாமே துடைக்கவும் முடியாது. சென்சாரை உதறித் தூசி தட்டுகிற ஏற்பாடு இருக்கிறது, ஆனால் உன் ஊர் உப்புக் காற்று மோட்டார் சைக்கிள் செயினையே தின்கிறதே, அதன் முன்னால் இது எம்மாத்திரம்? போவதானால் ஜிப் வைத்த கவரில் போட்டு, இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு கொண்டு போ, எடுக்கும்போது மட்டும் வெளியே எடு. அப்புறம் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தை இரண்டு மடங்காக, கூட்டி வை, இல்லாவிட்டால் இவ்வளவு வெள்ளையைப் பார்த்துக் கேமரா மிரண்டுபோய் உப்பைச் சாம்பலாக எடுத்துவிடும்.

பேரனுக்கு அனுப்புவது மட்டும்தான் நோக்கம் என்றால் கேமராவே வேண்டாம், கையில் இருக்கிற போன் போதும், அது நொடியில் போகும். படம் எடுக்கிற ஆசைக்காக என்றால் வாங்கு, வைஃபைக்காக வாங்காதே. 2025-இல் ஜிஆர் 4 வந்திருக்கிறது, உள்ளேயே 53 ஜிபி இடம் கொடுத்திருக்கிறார்கள் (3-இல் 2 ஜிபி), விலையைப் பார்த்து நான் பக்கத்தில் போகவில்லை.

காசைக் கொட்டுவதற்கு முன்னால் ஒன்று செய். அடுத்த மாதம் கல்யாணத்துக்கு மதுரை வருகிறாய் அல்லவா, போகும்போது என் கேமராவை எடுத்துக்கொண்டு போ, பத்து நாள் வைத்துப் பார். உப்பு ஒட்டாமல் திருப்பிக் கொடு. வரும்போது அரைக்கிலோ மக்ரூன், முந்திரி நிறையப் போட்டது, நீ எப்போதும் வாங்குவாயே அந்தக் கடையிலிருந்து. டப்பாவில் போட்டுக் கொண்டு வா, போன தடவை பஸ்ஸில் நொறுங்கிப் பொடியாகத்தான் கிடைத்தது.

உன்,
கடைசி பெஞ்ச் கூட்டாளி