ஆர்கைல் பயணம்: ஜூன் 13, சனிக்கிழமை

அனைவருக்கும் வணக்கம். கிளாஸ்கோவிலிருந்து காலை 7.30க்கு வேன் கிளம்பும். இரவு 9க்குள் திரும்பிவிடலாம். ஜூனில் பத்து மணிவரை வெளிச்சம் இருக்கும், பயமில்லை.

1. முதலில் லாக் ஃபைன் கரையில் இன்வெரரி கோட்டை. உள்ளே போக டிக்கெட் உண்டு.

2. மதியம் லாக் ஆ. ஸ்காட்லாந்தின் மிக நீளமான நன்னீர் ஏரி, ஏறக்குறைய 41 கி.மீ. அதன் கரையில் கில்ஹர்ன் கோட்டை: 15ஆம் நூற்றாண்டில் கேம்ப்பெல் குடும்பத்தார் கட்டியது, 1760வாக்கில் இடி விழுந்து பாழானது. கூரையில்லாத அந்தச் சுவர்களும் பின்னால் எழும் மலையும் தண்ணீரில் தெரிவதைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் போகிறோம். அவசரப்படாமல் இரண்டு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன்.

3. கோட்டைக்குப் போகும் பாதை தாழ்வானது, மழை பெய்தால் சேறாகும். செருப்பு வேண்டாம், ஷூ கட்டாயம்.

4. மழைக்கோட்டு எடுத்து வாருங்கள். காற்று நின்றால் மிட்ஜ் பூச்சி மொய்க்கும். பிள்ளைகளுக்கு முழுக்கைச் சட்டை போடுங்கள்.

5. மதியத்துக்குக் கட்டுச்சோறு. புளியோதரை, தயிர்சாதம் செய்ய முடிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெரியவர் எத்தனை பேர், பிள்ளைகள் எத்தனை பேர் (வயதுடன்), கார் சீட் வேண்டுமா என்று ஜூன் 3, புதன் இரவுக்குள் இங்கேயே பதில் போடுங்கள். அதை வைத்துத்தான் வேன் பேச வேண்டும்.